மண் பிடிப்பதும் விடுவதும்: செடிக்குள் உலோகம் ஏறும் வழி – முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், மெண்டிப் குன்றுகளின் மேல் ஷிப்பம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே துத்தநாகத் தாது தோண்டினார்கள். சுரங்கங்கள் மூடிப் பல தலைமுறை கழிந்தபின், 1970களின் இறுதியில் ஊரின் வீட்டுத் தோட்ட மண்ணைச் சோதித்தார்கள். சாதாரண மண்ணில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமைக்கூட எட்டாத காட்மியம், அங்கே பல தோட்டங்களில் நூறு மில்லிகிராமைத் தாண்டியிருந்தது.

ஜப்பானின் தொயாமா மாகாணத்தில் ஜின்சு ஆறு ஓடுகிறது. காமியோக்கா சுரங்கத்தின் கழிவு அந்த ஆற்றோடு வந்து நெல் வயல்களில் படிந்தது. அந்த வயல் மண்ணில் காட்மியம் கிலோவுக்குச் சில மில்லிகிராம்தான். ஆனால் அங்கே விளைந்த அரிசியை ஆண்டுக்கணக்கில் உண்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது, எலும்பு நொறுங்கியது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிள்ளை பெற்று நடுவயது கடந்த பெண்கள். 'இத்தாய்-இத்தாய்' என்ற அந்த நோய் காட்மிய மாசால் வந்தது என்று 1968-ல் ஜப்பான் அரசு ஏற்றுக்கொண்டது. ஷிப்பத்தில் அப்படியொரு நோய் தலைகாட்டவில்லை.

நஞ்சு அதிகம் இருந்த ஊர் தப்பியது, குறைவாக இருந்த ஊர் நோயில் விழுந்தது. ஷிப்பத்தின் மண் சுண்ணாம்பு கலந்தது. துத்தநாகமும் அதில் ஏராளம். காட்மியத்தை மண்ணே இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஊர்க்காரர்களும் தங்கள் தோட்டத்துக் காயை மட்டும் நம்பி வாழவில்லை. ஜின்சு கரையிலோ கதிர் முற்றும் பருவத்தில் வயல் நீரை வடித்ததும் காட்மியம் அவிழ்ந்து நெல்மணிக்குள் ஏறியது. வேளாவேளைக்கு அதே வயலின் சோறு.

ஆகவே மண்ணில் ஒரு உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. அதில் எவ்வளவை மண் விட்டுக்கொடுக்கிறது என்றும் கேட்க வேண்டும். செடிக்குச் சத்து கிடைக்காமல் போவதும் இதே கணக்கில்தான். இலை மஞ்சளான நிலக்கடலைக்கும் நஞ்சேறிய கீரைக்கும் பாடம் ஒன்றே. வீட்டுக் கீரைப்பாத்தி வைத்திருப்பவரும் இரண்டு ஏக்கர் நெல் போடுபவரும் கீழே உள்ள படிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகலாம்.

படி 1: எந்த உலோகம் என்று முதலில் பிரியுங்கள்

'கன உலோகம்' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவது செய்திக்குச் சரி, வயலுக்கு உதவாது. இரும்பு, துத்தநாகம், செம்பு, மாங்கனீசு, நிக்கல், மாலிப்டினம் ஆகியவை செடிக்கே தேவையானவை. குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். காட்மியம், ஈயம், பாதரசம் ஆகியவற்றால் செடிக்கும் பயனில்லை, நமக்கும் பயனில்லை. ஆர்செனிக்கை வேதியியலார் முழு உலோகமாகக் கருதுவதில்லை என்றாலும் இந்தப் பட்டியலில் சேர்த்தே பேசுவது வழக்கம்.

இவை ஒவ்வொன்றும் செடிக்குள் நடந்துகொள்ளும் விதம் வேறு. காட்மியம் துத்தநாகத்தின் சாயலில் இருப்பதால் வேர் அதைத் தடுக்கத் தெரியாமல் உள்ளே விட்டுவிடுகிறது. அங்கிருந்து இலை, மணி என்று எளிதாகப் பரவும். செடி வாடாது, இலை மஞ்சளாகாது. பச்சைப்பசேல் என்று நிற்கும் கீரைக்குள் அது இருக்கும். என் கணக்கில் பட்டியலிலேயே மிகவும் அஞ்ச வேண்டியது இதுதான். ஈயம் நேர்மாறு. மண்ணோடும் வேரோடும் ஒட்டிக்கொண்டு மேலே ஏற மறுக்கும். கீரையில் காணும் ஈயத்தில் பெரும்பங்கு, இலைமேல் தெறித்த மண்ணும் படிந்த தூசியும்தான். பாதரசமும் வேரோடு நின்றுவிடும். இலையில் இருப்பது பெரும்பாலும் காற்றிலிருந்து வந்தது.

உங்கள் நிலத்தின் பழைய கதையை விசாரித்தாலே எதைத் தேட வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும். பழைய பெயின்ட் உதிர்ந்த சுவர் ஓரமா? ஈயம். இந்தியாவில் பெயின்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற வரம்பு 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. நெடுஞ்சாலை ஓரமா? 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது, ஆனால் அதற்கு முன் படிந்த ஈயம் எங்கும் போய்விடவில்லை. பழைய பேட்டரி உடைத்த இடமா, முலாம் பூசும் பட்டறை இருந்த இடமா, தோல் பதனிடும் ஆலைக்குக் கீழ்வரத்து நிலமா என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஆய்வகக் கட்டணத்தில் பாதி மிச்சம்.

படி 2: மண்ணின் பி.எச். அளவைப் பாருங்கள்

வேறு எதற்கும் நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது செய்யுங்கள். பி.எச். 7 நடுநிலை, கீழே இறங்கினால் அமிலம், மேலே ஏறினால் களர்ப் பக்கம். ஒரு எண் மாறினால் அமிலத்தன்மை பத்து மடங்கு மாறுகிறது. உலோகங்களுக்கு அந்த மாற்றம் இன்னும் பெரிது. பி.எச். ஒரு எண் ஏறும்போது மண்நீரில் கரையும் துத்தநாகம் ஏறக்குறைய நூறு மடங்கும், இரும்பு ஆயிரம் மடங்கும் குறைகின்றன.

காரணம் சிக்கலானதல்ல. களிமண் துகளும் மட்கும் எதிர்மின் ஏற்றம் கொண்டவை. நேர்மின் ஏற்றம் கொண்ட உலோக அயனிகளை அவை பிடித்து வைத்திருக்கின்றன. அமில மண்ணில் ஹைட்ரஜன் அயனிகள் கூட்டமாக வந்து அந்த இடங்களைப் பறித்துக்கொள்ள, உலோகங்கள் நீரில் இறங்கி வேருக்குக் கிடைக்கின்றன. களர்ப் பக்கத்தில் அவை ஹைட்ராக்சைடாகவும் கார்பனேட்டாகவும் மாறிப் படிந்துவிடுகின்றன.

வீட்டிலேயே அளக்கலாம். நிழலில் உலர்த்திச் சலித்த மண் 20 கிராம், பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீர் 50 மில்லி. நன்றாகக் கலக்கி அரைமணி நேரம் வைத்து, இடையிடையே கிளறி, பி.எச். தாளையோ கையடக்க மீட்டரையோ காட்டுங்கள். மண்ணில் நேராகக் குத்திப் பார்க்கும் 'மூன்றும் ஒன்றில்' கருவிகளை நான் நம்புவதில்லை. ஈரம் மாறினால் அவற்றின் முள்ளும் மாறும். இன்னொரு சோதனை: உலர்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்பு கலந்த சுக்கான் மண்.

நீலகிரி, வால்பாறை, கொடைக்கானல் மலை மண் அமிலம். பி.எச். 5-க்குக் கீழே போனால் அங்கே களிமண்ணில் இருக்கும் அலுமினியமே கரைந்து வெளிவந்து பல பயிர்களின் வேர் நுனியைக் கருக்கிவிடும். தேயிலைக்கு மட்டும் கொண்டாட்டம். அலுமினியத்தை இழுத்து முதிர்ந்த இலைகளில் சேர்த்து வைத்துக்கொள்ளும் விந்தைச் செடி அது.

சமவெளியின் கதை வேறு. கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சுக்கான் நிலத்தில் நிலக்கடலையின் இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இரும்புப் பற்றாக்குறை. அந்த மண்ணில் இரும்பு இல்லாமலா? ஏக்கருக்கு டன் கணக்கில் இருக்கும். பி.எச். 8-க்கு மேல் போனதால் கரையவில்லை, அவ்வளவுதான். கடலை போன்ற இருவித்திலைப் பயிர்கள் வேரருகில் அமிலத்தைச் சுரந்து இரும்பை இளக்கப் பார்க்கும். மண்ணில் உள்ள சுண்ணாம்பு அந்த அமிலத்தை உடனுக்குடன் விழுங்கிவிடும். புல்லினப் பயிர்களுக்கு வேறு உத்தி. இரும்பைக் கவ்விக் கொண்டுவரும் ஒரு பொருளை அவை வேரிலிருந்து அனுப்புகின்றன. பார்லியும் கோதுமையும் அதில் கெட்டி; நெல்லும் சோளமும் மந்தம்.

இப்படிப்பட்ட நிலத்தில் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) மண்ணில் கொட்டுவது பணத்தைக் கொட்டுவது. சில நாளில் அதுவும் பூட்டப்பட்டுவிடும். நூறு லிட்டர் நீருக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை கரைத்து, சிறிதளவு எலுமிச்சை உப்பும் சேர்த்து, மாலை வேளையில் இலைமேல் தெளித்தால் பலன் தெரியும். முதலில் நாலைந்து செடியில் தெளித்து இலை கருகுகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு வயல் முழுதும் போகலாம்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, 'நஞ்சு இருக்கிறதா, சுண்ணாம்பு போடு' என்று கிளம்பிவிட வேண்டாம். சில உலோகங்கள் மண்ணில் ஆக்சிஜனோடு சேர்ந்து எதிர்மின் ஏற்றம் கொண்டு திரிகின்றன. ஆர்செனிக், மாலிப்டினம், ஆறு இணைதிறன் குரோமியம் ஆகியவை அந்த ரகம். பி.எச். ஏறினால் இவை இறுகாது, அவிழும்.

ராணிப்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பாலாற்றுத் தோல் ஆலைகள் பயன்படுத்தும் குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டது. அது மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். வேரைத் தாண்டி மேலே ஏறுவது சொற்பம். ஆனால் அதே ஊரில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற, லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவுமேட்டில் இருப்பது ஆறு இணைதிறன் வகை. அது நீரில் கரையும், நிலத்தடி நீரோடு நகரும், புற்றுநோயை உண்டாக்கும். 2006-ல் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மாசுபட்ட இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையைப் பட்டியலிட்டது. அந்தப் பக்கத்து நிலத்தில் சுண்ணாம்பு போட்டால் ஆறு இணைதிறன் குரோமியம் இன்னும் தாராளமாக நடமாடும். மட்கிய எரு போட்டால் அது மூன்று இணைதிறனாகக் குறைந்து அடங்கும். மாங்கனீசு ஆக்சைடு நிறைந்த மண்ணில் கொஞ்சம் எதிர்த்திசையிலும் மாறலாம். ஆய்வகத்தில் 'குரோமியம்' என்று மட்டும் கேட்டு வாங்கிய எண்ணுக்கு இங்கே பெரிய பொருளில்லை. எந்தக் குரோமியம் என்று கேளுங்கள்.

படி 3: மண்ணைக் கையில் பிசைந்து பாருங்கள்

ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையே நாடாவாகத் தள்ளுங்கள். நீளமாக ஒடியாமல் வந்தால் களி. நாடாவே வராமல் உதிர்ந்தால் மணல். கரிசல் மண்ணின் களித்துகள் விரிந்து சுருங்கும் வகை. உலோகங்களைப் பிடித்து வைக்கும் இடம் அதில் ஏராளம். மணல்பாங்கான செம்மண்ணில் அதில் சிறு பங்குதான் இருக்கும். ஒரே அளவு காட்மியம் இரண்டிலும் கொட்டினால், மணலில் வளரும் கீரைதான் அதிகம் இழுக்கும்.

செம்மண்ணுக்கு ஒரு தற்காப்பு உண்டு. அதைச் சிவப்பாக்கும் இரும்பு ஆக்சைடு ஈயத்தையும் ஆர்செனிக்கையும் நன்றாகப் பற்றிக்கொள்ளும். காற்றோட்டம் இருக்கும்வரை.

மட்கு இரண்டு பக்கமும் பேசும். முழுதாக மட்கிய எரு உலோகத்தைப் பிடித்து வைக்கும். ஈயத்தையும் செம்பையும் மிக இறுக்கமாக. ஆனால் அரைகுறையாக மட்கிய சாணமும் பச்சிலையும் நீரில் கரையும் கரிமப் பொருளை விடும். அதில் செம்பு போன்றவை தொற்றிக்கொண்டு வேர் வரைக்கும் பயணம் செய்யும். மாசு சந்தேகம் உள்ள பாத்தியில் நன்றாக மட்கிய எருவை மட்டும் போடுங்கள்.

எருவையே சோதிக்கத் தயங்காதீர்கள். நகரக் குப்பையிலிருந்து செய்யும் உரத்துக்கு உரக்கட்டுப்பாட்டு ஆணை வைத்திருக்கும் உச்ச வரம்பு கிலோவுக்கு காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100, ஆர்செனிக் 10. மூட்டையோடு ஆய்வுச் சான்று கேட்பது உங்கள் உரிமை. சான்று இல்லாத கழிவுநீர் வண்டலை, இலவசம் என்பதற்காகக் கீரைப்பாத்திக்குள் விடாதீர்கள்.

படி 4: நீர் நிற்கிறதா, வடிகிறதா?

நெல் போடுபவர்கள் இந்தப் படியை நிதானமாகப் படிக்க வேண்டும். நீர் தேங்கிய மண்ணின் வேதியியலை உலகுக்கு விளக்கியவர்களில் முதன்மையானவர் இலங்கையிலிருந்து பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போன பொன்னம்பெரும. 1972-ல் அவர் எழுதிய கட்டுரையை இன்றும் எல்லோரும் புரட்டுகிறார்கள்.

வயலில் நீர் கட்டினால் மண்ணில் உள்ள ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் விரைவில் தீர்த்துவிடும். பிறகு அவை நைட்ரேட், மாங்கனீசு ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு, சல்பேட் என்ற வரிசையில் ஒவ்வொன்றாகப் பிடித்துச் சுவாசிக்கும். அமில மண்ணாக இருந்தாலும் களர் மண்ணாக இருந்தாலும், சில வாரங்களில் பி.எச். நடுநிலையை ஒட்டி வந்து நிற்கும்.

இரும்பு ஆக்சைடு கரைந்ததும், அது பிடித்து வைத்திருந்த ஆர்செனிக் நீரில் இறங்குகிறது. நெல்வேருக்குச் சிலிக்கா மேல் தீராத ஆசை. சிலிக்காவை உள்ளே அழைக்கும் அதே வாயில் வழியாக ஆர்செனிக்கும் நுழைந்துவிடுகிறது. மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் குழாய்க் கிணற்று நீரால் கோடைநெல் விளைத்த வயல்களில் நேர்ந்தது இது. காட்மியமோ அதே நீர்கட்டில் சல்பைடாகி அடங்கிவிடும். நீரை வடித்துக் காற்று புகவிட்டால் எல்லாம் தலைகீழ்: ஆர்செனிக் இரும்போடு மீண்டும் ஒட்டிக்கொள்ளும், காட்மியம் அவிழும்.

நம் ஊரில் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறை நீரை மிச்சப்படுத்தும், ஆர்செனிக்கைக் குறைக்கும். காட்மியம் உள்ள மண்ணில் அதையே செய்தால் அரிசியில் காட்மியம் கூடும். ஜப்பானில் காட்மிய மாசுள்ள வயல்களுக்குக் கதிர் வெளிவருவதற்கு மூன்று வாரம் முன்பும் மூன்று வாரம் பின்பும் நீர் வற்றவிடாதீர்கள் என்று அறிவுறுத்துகிறார்கள். இரண்டு நஞ்சும் ஒரே வயலில் இருந்தால்? நீர் மேலாண்மையால் மட்டும் தீராது. ரகத்தை மாற்ற வேண்டும். 2012-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கோஷிஹிகாரி நெல்லில் மாங்கனீசை உள்ளே கொண்டுவரும் ஒரு மரபணுவை முடக்கி, காட்மியம் ஏறக்குறைய ஏறாத வகையை உருவாக்கினார்கள். காட்மியம் அந்த வழியாகத்தான் நுழைந்துகொண்டிருந்தது.

நீர் நின்ற வயலில் துத்தநாகமும் மறைந்துபோகும். இலையில் துருப்பிடித்த புள்ளி, குட்டையான பயிர். 1966-ல் பந்த்நகரில் இதை நோய் என்று தேடப்போய்த் துத்தநாகப் பசி என்று கண்டுபிடித்தார்கள். வடக்கில் 'கைரா' என்பார்கள். தமிழ்நாட்டில் நெல்லுக்குப் பரிந்துரை ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட், அதாவது ஏக்கருக்குப் பத்து கிலோ. மணலோடு கலந்து நடவுக்கு முன் மேலாகத் தூவ வேண்டும். டி.ஏ.பி.யோடு சேர்த்துக் கலக்காதீர்கள். மணிச்சத்தும் துத்தநாகமும் ஒன்றையொன்று முடக்கிவிடும்.

படி 5: உரத்தையும் உப்பையும் கணக்கில் எடுங்கள்

அம்மோனியம் சல்பேட்டும் யூரியாவும் நாளடைவில் மண்ணை அமிலமாக்கும். சுக்கான் மண்ணுக்கு அது நன்மை, மணல்பாங்கான செம்மண்ணில் காட்மியத்துக்குக் கதவு. பாஸ்பேட் உரங்களில் மூலப்பாறையோடு வந்த காட்மியம் கொஞ்சம் இருக்கும். பாறை எந்த நாட்டுச் சுரங்கத்தது என்பதைப் பொறுத்து அளவு மாறும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் கிலோ பாஸ்பேட்டுக்கு 60 மில்லிகிராம் என்று வரம்பு கட்டியிருக்கிறது.

பலர் கவனிக்காத ஒன்று உப்பு. குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து, களிமண் பிடிக்க முடியாத வடிவத்தில் அதை நீரில் மிதக்கவிடும். தெற்கு ஆஸ்திரேலியாவில் உவர்நீர் பாய்ச்சிய உருளைக்கிழங்கில் காட்மியம் கூடியிருந்ததற்கு 1990களில் கண்ட காரணம் இதுதான். பாலாற்றுப் படுகையிலும் தோல் பதனிடுவதில் முதலில் பயிரை வாட்டுவது குரோமியத்தைவிடத் தோலைப் பதப்படுத்தும் கறியுப்புதான். கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கும் இடத்தில் பொட்டாஷையும் குளோரைடு வடிவத்தில் போடாமல் சல்பேட் வடிவத்தில் போடுவது நல்லது. விலை அதிகம்தான்.

துத்தநாகம் போதிய அளவு இருந்தால் காட்மியம் உள்ளே நுழைய இடம் குறையும். பற்றாக்குறை மண்ணில் துத்தநாக சல்பேட் போடுவது விளைச்சலுக்கும் நல்லது, பாதுகாப்புக்கும் நல்லது. ஒரே செலவில் இரண்டு வேலை நடப்பது விவசாயத்தில் அபூர்வம்.

படி 6: மாதிரி எடுங்கள், சரியான கேள்வியோடு ஆய்வகம் போங்கள்

நிலத்தின் மேல் கிடக்கும் சருகை ஒதுக்கி, 'வி' வடிவக் குழி வெட்டி, 15 சென்டிமீட்டர் ஆழம் வரை பக்கவாட்டில் ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டுங்கள். ஏக்கரில் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, நான்காகப் பகிர்ந்து எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை இதையே செய்யுங்கள். வரப்பு, எருக்குழி, மரநிழல், வாய்க்கால் ஓரம் வேண்டாம். துரு ஏறிய மண்வெட்டியும் துத்தநாக முலாம் பூசிய வாளியும் வேண்டாம். எதைத் தேடுகிறீர்களோ அதையே அவை கலந்துவிடும். பிளாஸ்டிக் அல்லது எவர்சில்வர் கரண்டி போதும்.

வீட்டுத் தோட்டத்தில் எல்லாவற்றையும் கலக்காதீர்கள். சுவர் ஓரம் தனி, நடுப்பாத்தி தனி. ஈயம் சுவர் ஓரத்தில் மட்டும் குவிந்திருக்கும். கலந்தால் அது சராசரியில் ஒளிந்துகொள்ளும்.

2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் 12 அளவுகளைத் தருகிறது. பி.எச்., உப்பு நிலை, கரிமச்சத்து, பேரூட்டங்கள், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், கந்தகம். நல்ல அட்டை. ஆனால் அதில் ஈயம் இல்லை, காட்மியம் இல்லை, ஆர்செனிக் இல்லை. அட்டை பச்சையாக இருப்பதால் நிலம் சுத்தம் என்று பொருளாகாது. நஞ்சு உலோகத்துக்குத் தனியாகக் கேட்க வேண்டும். கேட்கும்போது இரண்டு எண்களையும் கேளுங்கள்: அமிலத்தில் முழுதும் கரைத்துக் காணும் மொத்த அளவு, டி.டி.பி.ஏ. கரைசலில் இறங்கும் கிடைக்கும் அளவு. இரண்டாவது முறையை 1978-ல் லிண்ட்சே, நார்வெல் இருவரும் வகுத்தார்கள். துத்தநாகம், இரும்பு ஆகியவற்றின் பற்றாக்குறையைச் சுக்கான் மண்ணில் காண்பதற்காக வந்த முறை அது. மிக அமிலமான மலைமண்ணில் அதன் எண்ணைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள்.

சந்தேகம் பலமாக இருந்தால் மண்ணைவிடக் கீரையையே சோதிக்கக் கொடுப்பது உத்தமம். கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தரப்படி கீரை வகைகளில் கிலோவுக்கு காட்மியம் 0.2 மில்லிகிராம், ஈயம் 0.3 மில்லிகிராம், தீட்டிய அரிசியில் காட்மியம் 0.4, கனிம ஆர்செனிக் 0.2. கீரைக்குச் சொன்ன எண்கள் பச்சைக் கீரையின் எடைக்கானவை. ஆய்வகம் பெரும்பாலும் உலர்ந்த எடையில் சொல்லும். கீரையில் பத்தில் ஒன்பது பங்கு நீர் என்பதால், அறிக்கையின் எண்ணைச் சுமார் பத்தால் வகுத்தபின் ஒப்பிடுங்கள். இதைத் தவறவிட்டு வீணாகப் பயப்படுபவர்கள் நிறைய.

படி 7: மண்ணுக்கு ஏற்ற பயிர்

பொதுவாக இலை அதிகம் சேர்க்கும், அடுத்தது கிழங்கு, காயும் மணியும் குறைவு. முளைக்கீரை, தண்டுக்கீரை, பாலக் ஆகியவை காட்மியத்தைத் தாராளமாக இழுப்பவை. அவரை, பீன்ஸ், தட்டைப்பயறு போன்ற பயறு வகைகள் கஞ்சத்தனமானவை. வெண்டை, தக்காளி, பூசணி வகைகளும் பரவாயில்லை. நெல்லும் புகையிலையும் எச்சரிக்கைப் பட்டியலில். சந்தேகமான சுவர் ஓரத்தில் கீரைக்குப் பதில் பந்தல் போட்டுப் புடலையோ பாகலோ ஏற்றுங்கள்; காய் மண்ணைத் தொடாமல் தொங்கும், தூசியும் குறையும்.

கத்தரிக்காய்ப் பிரியர்களுக்கு ஒரு செய்தி. சுண்டைக்காய் வேரில் கத்தரியை ஒட்டுக்கட்டினால் காயில் காட்மியம் பாதிக்கு மேல் குறைகிறது என்று 2008-ல் ஜப்பானிய ஆய்வு காட்டியது. வாடல் நோய்க்காகவும் நூற்புழுவுக்காகவும் நம் நாற்றங்கால்களில் கிடைக்கும் அதே ஒட்டுக்கன்றுதான்.

நஞ்சை வேண்டுமென்றே இழுக்கும் செடிகளும் உண்டு. பழைய காரைச்சுவர் இடுக்கில் முளைக்கும் தெரிஸ் விட்டாட்டா என்ற பெரணி ஆர்செனிக்கை இலையில் குவிப்பதை 2001-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லீனா மா குழு அறிவித்தது. கடுகு இனமும் ஓரளவு இழுக்கும். ஆனால் 'கடுகு போட்டால் இரண்டு பருவத்தில் நிலம் சுத்தம்' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். பல பத்தாண்டு வேலை அது; அறுத்த செடியை உரக்குழியில் போட்டால் நஞ்சு திரும்பி வரும், மாட்டுக்குப் போட்டால் பாலுக்கு வரும்.

படி 8: மண்ணைத் திருத்துதல்

மண்ணிலிருந்து உலோகத்தை வெளியே எடுப்பது தனிமனிதருக்கு ஆகாத காரியம். ஜின்சு கரையில் 800 ஹெக்டேருக்கு மேற்பட்ட வயலில் மேல்மண்ணை மூடி மாற்றும் வேலை முப்பது ஆண்டுக்கு மேல் நடந்து 2012-ல்தான் முடிந்தது. நம்மால் முடிவது அதை மண்ணிலேயே கட்டிப்போடுவது.

காட்மியம், ஈயம், துத்தநாகம் மிகுந்த அமில மண்ணில் சுண்ணாம்போ டோலமைட்டோ இட்டு பி.எச். 6.5-க்குக் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். இரும்பும் துத்தநாகமும் பூட்டப்பட்டு வேறொரு பிரச்சினை ஆரம்பிக்கும். எவ்வளவு போட வேண்டும் என்பதை ஆய்வகத்தின் சுண்ணாம்புத் தேவைச் சோதனை சொல்லும், கண்ணளவு வேண்டாம். ஈயத்துக்குப் பாஸ்பேட் நல்ல மருந்து. ஈயத்தைக் கரையாத கனிமமாக்கிவிடும். அதே பாஸ்பேட் ஆர்செனிக் உள்ள மண்ணில் ஆர்செனிக்கை இடம் பெயர்த்து வெளியே தள்ளும். படி 1-ஐத் தாண்டி யாரும் படி 8-க்கு வரக்கூடாது என்பது இதனால்தான். சுண்ணாம்பு இட்ட மண்ணில் மழையும் உரமும் சேர்ந்து பி.எச்.-ஐ மறுபடி இறக்கும். ஆண்டுக்கொருமுறை அளந்து பாருங்கள்.

சிறு தோட்டத்தில் மிக மலிவான வழி, அடியில் கெட்டித் துணி விரித்து ஒரு முழ உயரத்துக்குச் சுத்தமான மண்ணும் எருவும் நிரப்பிய உயர்பாத்தி. பாத்தியைச் சுற்றி வைக்கோலோ தேங்காய் மட்டையோ பரப்பினால் மழையில் மண் தெறித்து இலையில் ஒட்டாது.

படி 9: சமையலறையில்

கீரையை முதலில் அலசி மண்ணை இறக்கி, பிறகு புளித்தண்ணீரிலோ வினிகர் கலந்த நீரிலோ சற்று ஊறவைத்து மீண்டும் அலசுங்கள். ஒட்டிய ஈயம் இதில் போகும். உள்ளே ஏறிய காட்மியம் போகாது. கிழங்குகளைத் தோல் சீவுங்கள்.

ஆர்செனிக் பகுதியின் அரிசியை நிறைய நீரில் வேகவைத்துக் கஞ்சி வடித்தால் கனிம ஆர்செனிக் கணிசமாகக் குறையும். நீர் சுண்டும் அளவுக்குக் குக்கரில் வைத்தால் எல்லாம் சோற்றிலேயே தங்கும். சமைக்கும் நீரே ஆர்செனிக் கலந்த குழாய்க் கிணற்று நீர் என்றால் வடிப்பதில் பயனில்லை, முதலில் நீரை மாற்ற வேண்டும். வடித்த கஞ்சியை மாட்டுக்கழனியில் ஊற்றாமல் சாக்கடையில் கொட்டுங்கள். அந்த வயலின் வைக்கோலில் அரிசியைவிட அதிக ஆர்செனிக் இருக்கும் என்பதால் மாட்டுத்தீவனத்தையும் தனியாகச் சோதித்துப் பார்ப்பது நல்லது.